குடல் நுண்ணுயிர்களுக்கு நார்ச்சத்து: ஆறு வாரத்தில் சாப்பாட்டை மாற்றும் முறை

நார்ச்சத்து என்றதும் பலருக்கு மலச்சிக்கல்தான் நினைவுக்கு வரும். இரவில் ஒரு ஸ்பூன் இசப்கோல், காலையில் வயிறு காலி, அத்தோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். மலம் இளகுவது நார்ச்சத்தின் சின்ன வேலை. பெரிய வேலை பெருங்குடலின் உட்சுவரில் நடக்கிறது. அது புரிந்தால்தான் எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் கூட்ட வேண்டும் என்பது புரியும். ஒரே நாளில் கிண்ணம் கிண்ணமாகச் சுண்டல் சாப்பிட்டு, வயிறு ஊதி, "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது" என்று மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

குடலுக்குள் என்ன நடக்கிறது

சோறு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சிறுகுடலிலேயே செரித்து இரத்தத்தில் கலந்துவிடும். நார்ச்சத்தை உடைக்கும் நொதி நம் உடலில் இல்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்களிடம் அந்த நொதிகள் உண்டு. அவை நாரைப் புளிக்க வைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. கூடவே ஹைட்ரஜன், கரியமில வாயுவும் வரும். சிலருக்கு மீத்தேனும் வரும். வயிற்று வாயு இதிலிருந்து வருவதுதான்.

மூன்றில் பியூட்டிரேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இதிலிருந்தே எடுக்கின்றன. பியூட்டிரேட்டை எரிக்க அவை ஏராளமான ஆக்சிஜனைச் செலவழிப்பதால், குடலின் உள்ளே ஆக்சிஜன் கசிவதில்லை. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில்தான் நல்லது செய்யும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வாழ முடியும். நார் குறைந்தால் பியூட்டிரேட் குறையும், செல்கள் வேறு எரிபொருளுக்கு மாறும், ஆக்சிஜன் உள்ளே கசியும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஈ. கோலை, சால்மொனெல்லா வகைகள் பெருகும். அழற்சிக்கு, அதாவது குடல் சுவர் சிவந்து வீங்குவதற்கு, அது தோதான நிலைமை. பியூட்டிரேட் நோயெதிர்ப்புச் செல்களிடமும் பேசுகிறது. அழற்சியை அடக்கும் டி-செல்கள் பெருங்குடலில் பெருக அது உதவுகிறது என்பதை 2013-இல் வெளிவந்த எலி ஆய்வுகள் காட்டின. கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய் உள்ளவர்களின் குடலில் ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியா குறைந்திருப்பது அதற்கு முன்பே தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நார் கிடைக்காத பாக்டீரியாக்கள் சும்மா இருப்பதில்லை. குடல் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. சில இனங்கள் அதைத் தின்னத் தொடங்கிவிடும். மனிதக் குடலிலிருந்து எடுத்த 14 பாக்டீரியாக்களை மட்டும் குடலில் கொண்ட எலிகளை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாரில்லாத உணவு கொடுத்த எலிகளில் சளிப்படலம் மெலிந்தது. பிறகு குடல் நோய்க் கிருமியைக் கொடுத்தபோது, நார் சாப்பிட்ட எலிகளைவிட அவை மிக மோசமாக நோயுற்றன.

மனிதர்களில்? 2015-இல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் ஆப்பிரிக்க-அமெரிக்கர்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து சுமார் 14 கிராமிலிருந்து 55 கிராமுக்கு ஏறியது. தென்னாப்பிரிக்கர்களுடையது 66-இலிருந்து 12-க்கு இறங்கியது. முதல் கூட்டத்தின் பெருங்குடலில் பியூட்டிரேட் கூடி அழற்சி அடையாளங்கள் குறைந்தன, இரண்டாவது கூட்டத்தில் நேர்மாறாக நடந்தது. கொழுப்பும் இறைச்சியும் சேர்ந்தே மாறியதால் எல்லாப் புகழையும் நாருக்கே எழுதிவிட முடியாது. ஆனாலும் இரண்டே வாரத்தில் குடல் இவ்வளவு மாறும் என்பது தெரிந்தது.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காலரா நோயாளிகள் 48 பேருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு, சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தை லிட்டருக்கு 50 கிராம் கலந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது, நீரிழப்பும் குறைந்தது. 2000-இல் வெளியான ஆய்வு இது. செரிக்காத மாவைப் பாக்டீரியாக்கள் அமிலங்களாக்க, அந்த அமிலங்கள் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச வழி செய்தன.

முதலில் யார் நிற்க வேண்டும்

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, 45 வயதுக்கு மேல் மலப்பழக்கம் திடீரென்று மாறுதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் சுண்டலை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். நாரைக் கூட்டி இவற்றைச் சமாளிக்கப் பார்ப்பது காலத்தை வீணாக்கும்.

கிரோன் நோயால் குடலில் சுருக்கம் விழுந்தவர்களும், சமீபத்தில் குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவர் சொல்லாமல் கூட்டக் கூடாது. முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் சுருங்கிய இடத்தில் அடைத்துக்கொள்ளும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பருப்பிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம் பிரச்சினை ஆகலாம். இன்சுலின் போடுகிறவர்கள் நாரைக் கூட்டும் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும், அளவு இறங்கக்கூடும்.

குடல் அழற்சி நோய் இருந்தாலே நார் கூடாது என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் பொத்தாம்பொதுவாகச் சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. நோய் தணிந்திருக்கும்போது, சுருக்கம் இல்லாவிட்டால், நார் சாப்பிடலாம். நோய் கிளர்ந்திருக்கும்போது மட்டும் குறைக்க வேண்டும். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் குடல் திசுவை வைத்துப் பார்த்தபோது, பாக்டீரியாக்கள் உடைக்காமல் விட்ட ஃபிரக்டான் நார் சிலரிடம் அழற்சியைத் தூண்டியது. வெங்காயம், பூண்டு, கோதுமையில் இருக்கும் நார் அது. உடைக்கிற பாக்டீரியா இருந்தால்தான் நார் நன்மை செய்யும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தணிந்த பிறகு திரும்பத் தொடங்கும்போது தோல் சீவிக் குழைய வேகவைத்த கேரட், பூசணி, சுரைக்காய், ஓட்ஸ் கஞ்சி, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் என்று போவது பாதுகாப்பு.

இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்

பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் நல்லது. உங்கள் கணக்கைப் போட மூன்று நாள் சாப்பாட்டை எழுதிப் பாருங்கள். வழக்கமான ஒரு நாளைப் போட்டுக் காட்டுகிறோம். எல்லாம் வேகவைக்காத எடை. மதியமும் இரவும் சேர்த்து 200 கிராம் வெள்ளை அரிசியில் 5 முதல் 6 கிராம் நார். நாலு இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்து சுமார் 4. சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்புக்கு 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 75 கிராம் பொரியலில் 2 முதல் 3. தேங்காய்ச் சட்னியில் 1 அல்லது 2. மொத்தம் 15 முதல் 18-க்குள் நிற்கும். இரவில் பரோட்டா என்றால் இன்னும் கீழே.

ஆக, கூட்ட வேண்டியது 12 முதல் 15 கிராம். இதை ஆறு வாரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். நாரை உடைக்கும் இனங்கள் பெருகவும், வாயுவை வேறு பொருளாக மாற்றும் இனங்கள் ஈடுகொடுக்கவும் நாள் பிடிக்கும்.

முதல் இரண்டு வாரம்: காய்

சோற்றைத் தொடாதீர்கள். மதியம் இன்னொரு 100 கிராம் காய் சேருங்கள், அவ்வளவுதான். கொத்தவரங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம், வெண்டைக்காயில் 4 கிராம் நார் இருக்கிறது. வெள்ளரி, தக்காளி, சுரைக்காய் நீர்ச்சத்துக்கு நல்லவை, நார்க் கணக்கில் பெரிதாக உதவாது. காயை ஜூஸாக்கி வடிகட்டினால் இந்தப் படி முழுக்க வீண்.

மூன்றாவது, நான்காவது வாரம்: சுண்டல்

கறுப்புக் கொண்டைக்கடலையில் நாலில் ஒரு பங்கு நார். 30 கிராம் கடலை, அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, 7 கிராமுக்கு மேல் தரும். முதல் வாரம் பாதி, அடுத்த வாரம் முழுசு.

வாயுவுக்குக் காரணம் கடலையில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். நமக்கு அவை செரிக்காது, பாக்டீரியாக்கள் வேகமாகத் தின்று வாயுவாக்கிவிடும். அவை தண்ணீரில் கரையும் என்பதால் ஊறவைக்கும் முறையிலேயே பாதி வேலை முடிகிறது. கடலையைப் போல மூன்று மடங்கு தண்ணீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊற வையுங்கள். கோடையில் நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நுரைத்து வாடை வரும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் குக்கரில் வையுங்கள். ஐந்தாறு விசில் வந்ததும் தணலைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டு இறக்குங்கள். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். நடுவில் நறுக்கென்று இருந்தால் இன்னும் வேக வேண்டும். அரைவேக்காட்டுக் கடலையில் செரிக்காத மாவு அதிகம், அதனால் வாயுவும் அதிகம். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும்தான், ஆனால் தோல் கூழாகும், பி1 வைட்டமினும் அழியும். வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தால், கடலை தொடங்கும் இந்த இரண்டு வாரம் அதை விட்டுவிடுங்கள். கரைந்த சர்க்கரைகள் அதில்தான் இருக்கும்.

முளைகட்டிய பச்சைப்பயறு இன்னும் சாது. அதையே தினமும் சாப்பிடாமல் பயறு, காராமணி (தட்டைப்பயறு), மொச்சை என்று சுற்றில் விடுங்கள். ஒவ்வொரு நாரையும் உடைக்கும் இனம் வேறு. ஒரே கடலையை மாதம் முழுக்கச் சாப்பிட்டால் ஒரே கூட்டம்தான் கொழுக்கும். ராஜ்மாவை மட்டும் முழுக்கக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். அரைகுறையாக வெந்தால் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும்.

ஐந்தாவது, ஆறாவது வாரம்: தானியம்

கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு சுமார் 11 கிராம் நார், வெள்ளை அரிசியில் 3 கிராம் கூட இல்லை. 50 கிராம் அரிசிக்குப் பதில் 50 கிராம் கேழ்வரகு மாவைக் களியாகவோ அடையாகவோ எடுத்தால் நிகர லாபம் 4 கிராம். கம்பும் சோளமும் கேழ்வரகுக்கு அண்டையில் நிற்கின்றன. கடையில் கிடைக்கும் பட்டைதீட்டிய வெள்ளைச் சாமை, வரகில் அந்த அளவு இல்லை. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள், தவிட்டு நிறம் இருக்க வேண்டும். ராகி மாவை மெல்லிய சல்லடையில் சலித்து மேல்தங்கியதைக் கொட்டாதீர்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்கியதே அதற்காகத்தான். கேழ்வரகு பிடிக்காதவர்கள் 100 கிராம் கொய்யாவை விதையோடு சாப்பிடலாம், அது 8 கிராம் தரும்.

பழைய சோறு பற்றி நிறையப் பேச்சு இருக்கிறது. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. குளிரூட்டி மறுபடி சூடாக்கிய வெள்ளைச் சோற்றில் அளந்தபோது 100 கிராமுக்கு 0.6 கிராமாக இருந்தது 1.6 கிராம் அளவுக்கு உயர்ந்தது. ஒரு தட்டுக்கு 2 கிராம் லாபம். நல்லதுதான், ஆனால் கடலையின் இடத்தை அது பிடிக்காது. தண்ணீர் ஊற்றிப் புளிக்க விட்ட சோறு வேறு கதை, அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்கின்றன. மிச்சச் சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் ராத்திரி முழுக்க வெளியே வைத்து மறுநாள் சூடாக்குவது மட்டும் ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடும் வாந்தி நஞ்சு சூட்டுக்கு அழியாது. ஆறிய ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தடுமாறும் இடங்கள்

நாருக்கு ஏற்ற தண்ணீர் வேண்டும். 2 முதல் 2.5 லிட்டர், வெயிலில் வேலை என்றால் கூடுதல். தண்ணீர் குடிக்காமல் கோதுமைத் தவிட்டைக் கூட்டியவர்களுக்கு மலச்சிக்கல் மோசமாவது இதனால்தான். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரிக்கும், 1997-இல் வந்த பிரிஸ்டல் அட்டவணையோடு உங்களுடையதை ஒப்பிடுங்கள். ஆட்டுப்புழுக்கை போல் உதிர்ந்தால் வகை 1, வெறும் நீர் என்றால் வகை 7, நமக்கு வேண்டியது 3 அல்லது 4.

ஒவ்வொரு படியின் முதல் வாரத்திலும் வாயு கூடும். ஒரு நாளைக்குப் பத்து, இருபது தடவை வாயு பிரிவது இயல்பு. வயிறு இறுகிச் சங்கடம் கொடுத்தால் அந்தப் படியைப் பாதியாக்கி ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். முழுக்க நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் முதலிலிருந்து ஏற வேண்டியதுதான். கடுமையான வலி, வாந்தி, வயிறு வீங்கி வாயுவும் மலமும் போகாத நிலை என்றால் அது அடைப்பு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குடல் எரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்கு அழற்சி இல்லாமலேயே உப்புசம் வரும். பெரும்பாலும் வெங்காயமும் பூண்டும்தான் குற்றவாளி. பூண்டின் ஃபிரக்டான் எண்ணெயில் கரையாது. தாளிக்கும் எண்ணெயில் பூண்டுப் பல்லை வதக்கி, மணம் இறங்கியதும் எடுத்துவிடுங்கள். மணம் நிற்கும், உப்புசம் வராது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, இசப்கோல் முதலான நார்ப் பொடிகளைப் பல மணி நேரம் தள்ளி எடுங்கள். நார் மாத்திரையை உறிஞ்சவிடாமல் செய்யும்.

பொடிகள் பற்றி ஒரு வார்த்தை. இசப்கோல் மலத்தை நன்றாக இளக்கும், ஆனால் பாக்டீரியாக்கள் அதை அவ்வளவாகப் புளிக்க வைப்பதில்லை. வாயு குறைவு, பியூட்டிரேட்டும் குறைவு. 5 கிராமை 250 மில்லி தண்ணீரில் கலந்து உறையும் முன் குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைவாக விழுங்கினால் தொண்டையிலேயே உப்பிவிடும். இன்யூலின் என்ற இன்னொரு நார்ப் பொடி நன்றாகப் புளிக்கும், வாயுவும் அதற்கேற்ப வரும். 2 கிராமில் தொடங்குங்கள். "நார்ச்சத்து அதிகம்" என்று போட்டிருக்கும் பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள். இந்திய விதிப்படி 100 கிராமுக்கு 6 கிராம் இருந்தால் அப்படி அச்சிடலாம். நீங்கள் தின்பது நாலு பிஸ்கட், 30 கிராம் என்று வைத்தால் கிடைப்பது 1.8 கிராம் நார். கூடவே சர்க்கரையும் எண்ணெயும்.

மோரையும் சேருங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பிரிவுக்கு நாரைக் கூட்டினார்கள், இன்னொரு பிரிவுக்குத் தயிர் போன்ற புளித்த உணவுகளைக் கூட்டினார்கள். புளித்த உணவுப் பிரிவில் பாக்டீரியா வகைகள் பெருகின, இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ப் பிரிவில் வகைகள் கூடவில்லை, எதிர்வினையும் ஆளுக்கு ஆள் மாறியது. நார் வேண்டாம் என்று இதைப் படிப்பது தவறு. உடைக்கும் இனங்கள் ஏற்கெனவே குறைந்துபோன குடலில் நார் மட்டும் சில வாரத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிடாது, அவ்வளவே. மதியம் ஒரு டம்ளர் மோர், காலையில் புளித்த மாவு இட்லிக்குத் தயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இட்லி வேகும்போது அதிலுள்ள உயிர்கள் செத்துவிடும், அதை மோரின் கணக்கில் சேர்க்க முடியாது.

அழற்சி குறைந்ததா?

உணவு மாறிய சில நாளிலேயே பாக்டீரியாக் கூட்டம் மாறும், உணவைப் பழையபடி ஆக்கினால் அதுவும் பழையபடி ஆகிவிடும். உப்புசம் குறைவதும் மலம் சீராவதும் நல்ல செய்தி, ஆனால் அவை அழற்சியின் அளவுகோல் அல்ல. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற அழற்சிப் புரதத்தை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பொதுவாக அழற்சி இல்லை, 250-க்கு மேல் என்றால் நோய் கிளர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் இந்த எண்ணை ஏற்றிவிடும், பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரோக்கியமானவர்களுக்கு இது தேவையில்லை. வீட்டுக்கு வந்து மலத்தை எடுத்துப்போய் வண்ண வண்ண அறிக்கை தரும் நுண்ணுயிர்ப் பரிசோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த அறிக்கையை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

நடுவில் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டி வந்தால் கணக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். மருந்து முடிந்ததும் சுண்டலைப் பழைய அளவில் பாதியாகத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். நாரை உடைக்கும் கூட்டத்திலும் ஒரு பகுதி மருந்தோடு போயிருக்கும்.